மாதக் கணக்கில் மாட்டாத செலவுகள்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 52,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 18,000. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். மாதம் 60,000 ரூபாய்க்குள் முடிந்துவிட வேண்டிய பட்ஜெட்டை இணைத்திருக்கிறேன். ஆனால் 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை. கிரெடிட் கார்டில் ஒன்றரை ஆண்டாகச் சேர்ந்த பாக்கி 62,000. செலவை நோட்டில் எழுதிப் பார்த்தேன், செயலியும் வைத்துப் பார்த்தேன். எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. மனைவியிடம் கணக்குக் கேட்டால் சண்டையில் முடிகிறது. பேக்கரி, ஆன்லைன் ஆர்டர் என்று சில்லறையாகத்தான் பணம் கரைகிறது என நினைக்கிறேன். செலவை எழுத எந்தச் செயலி நல்லது? பட்ஜெட்டைக் கடைப்பிடிப்பது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: செயலியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பணம் பேக்கரியில் கரையவில்லை. நாங்கள் கேட்டதும் ஒரு மாத வங்கி அறிக்கையை அனுப்பினீர்கள் அல்லவா? அதில் 200 ரூபாய்க்குக் கீழான யுபிஐ வரிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். டீக்கடை 24, ஜெராக்ஸ் 10, பேக்கரி 85, பூ 40 என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். மொத்தம் 3,800 ரூபாய். பட்ஜெட்டில் ‘இதர செலவு’ என்று நீங்களே 3,000 ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒதுக்கியதைத் தாண்டியது 800. இந்த 800 ரூபாய்க்காக வீட்டில் சண்டை போடத் தேவையில்லை.

சாப்பாட்டுச் செலவும் அப்படித்தான். மளிகை 9,000, பால் 2,400, காய்கறி, பழம், மீன், கறி 6,000 என்று மொத்தம் 17,400. ஐந்து பேர் சாப்பிடும் வீடு. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், நகர்ப்புறக் குடும்பங்கள் தங்கள் செலவில் 39.68 சதவீதத்தை உணவுக்குச் செலவிட்டதாகக் கண்டார்கள். வீட்டுக் கடன் தவணையையும் நகைச் சீட்டையும் தள்ளிவிட்டு, நான் கீழே சொல்லப்போகும் செலவுகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் அது மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் மனைவி சிக்கனமாகவே குடும்பம் நடத்துகிறார். அவரிடம் போய்க் கணக்குக் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் இணைத்த பட்ஜெட்டில் தவணை 19,500, மேலே சொன்ன 17,400, மின்சாரம், சிலிண்டர், போன் வகையில் 4,000, பெட்ரோல் 4,000, பள்ளி வேனும் டியூஷனும் 4,500, அம்மாவின் மருந்து 2,600, நகைச் சீட்டு 5,000, இதர 3,000 எல்லாம் இருக்கின்றன. கூட்டினால் சரியாக 60,000. மாதம் 10,000 மிஞ்ச வேண்டும். ஆனால் இந்தப் பட்டியலில் பள்ளிக் கட்டணம் எங்கே? தீபாவளி எங்கே? மொய் எங்கே?

திரும்பக் கேட்டு வாங்கிய விவரங்களை எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 70,000. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 24,000. தீபாவளிக்கு 25,000, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் 8,000. இரண்டு வண்டிகளுக்கு இன்சூரன்ஸும் சர்வீஸும் 10,000. சொத்து வரி, தண்ணீர் வரி 5,000. மொய், சீர் வகையில் 24,000. கோடை விடுமுறையும் குலதெய்வக் கோயில் பயணமும் 15,000. மோட்டார், ஃபிரிட்ஜ், குழாய் என்று பழுது பார்த்தது 11,000. ஆக, ஆண்டுக்கு 1,92,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 16,000.

மிஞ்சுவது 10,000, வேண்டியது 16,000. மாதம் 6,000 துண்டு விழுகிறது. தீபாவளி போனஸ் 30,000 வந்து அதில் கொஞ்சத்தை அடைத்த பிறகும் ஆண்டுக்கு 42,000 குறைகிறது. கார்டில் 62,000 எப்படி ஏறியது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. சம்பளம் மாதக் கணக்கில் வருவதால் செலவையும் மாதக் கணக்கில் அளக்கிறோம். செலவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சிலிண்டர் உங்கள் வீட்டில் நாற்பது நாள் வருகிறது. அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் மண்டிகளில் 26 கிலோ மூட்டை புழக்கத்துக்கு வந்துவிட்டது. அது உங்கள் வீட்டில் ஐந்து வாரம் ஓடினால், ஏதாவது ஒரு மாதத்தில் இரண்டு மூட்டை விழும். அந்த மாதம் மளிகை எகிறியதுபோல் தெரியும். அடுத்த மாதம் மிச்சம் பிடித்ததுபோல் தெரியும். இரண்டுமே பொய்த்தோற்றம். இரண்டு வாரம் எழுதிவிட்டு நிறுத்தும் கணக்கு எதையும் காட்டாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அதனால் தினமும் எழுதச் சொல்லப்போவதில்லை. கடந்த 12 மாத வங்கி அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மதியம் இருவரும் உட்காருங்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். பணமாகக் கொடுத்தது அறிக்கையில் இருக்காது. அதற்கு ஒரே நல்ல ஆவணம் மொய் நோட்டுதான். உங்கள் மனைவிக்குப் பேராவூரணிப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும் ஊர்கள் அவை. யார், எந்த விசேஷத்துக்கு, எவ்வளவு என்று பல ஆண்டுக் கணக்கைத் தப்பாமல் வைத்திருக்கும் குடும்பங்கள். கணக்கு எழுதும் பழக்கம் உங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லாதீர்கள். அதில் கைதேர்ந்தவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் எழுதட்டும், நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

(மொய் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யை வருமானமாக எண்ணிச் செலவழித்துவிட்டு, திருப்பிச் செய்யும்போது அதைச் செலவாக எண்ணி நொந்துகொள்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது வட்டியில்லாக் கடன். வந்த அன்றே அதில் ஒரு பகுதியைத் தனியே போட்டுவிட்டால் பிறகு வலிக்காது.)

இப்போது செய்ய வேண்டியவை. வேறொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதை எந்த யுபிஐ செயலியிலும் இணைக்காதீர்கள். ஆண்டுச் செலவுக்கான பணம் சம்பளம் வந்த மறுநாளே தானாக அங்கே போய்விட வேண்டும். பள்ளிக் கட்டணமும் பிரீமியமும் தீபாவளியும் மொய்யும் அங்கிருந்து மட்டுமே போக வேண்டும். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்தில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. பணம் தயாராக இருக்கும் வீட்டுக்குத்தான் அதெல்லாம் கிடைக்கும்.

அடுத்து, கார்டு. உங்கள் அறிக்கைப்படி மாத வட்டி 3.5 சதவீதம். 62,000-க்கு 2,170 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,560. நீங்கள் கட்டிவரும் குறைந்தபட்சத் தொகை 3,100. அதில் அசலுக்குப் போவது 540 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த 3,100 உங்கள் பட்ஜெட்டில் இடம்பெறவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

வீட்டில் இருக்கும் நகையில் கொஞ்சத்தை வங்கியில் அடகு வைத்து 70,000 ரூபாய் வாங்கிக் கார்டை ஒரே அடியாக முடித்துவிடுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்றாலும் மாதம் 600 ரூபாய்க்குள் நின்றுவிடும். இடையில் பகுதி பகுதியாகக் கட்ட அனுமதிக்கும் கடனா என்று கேட்டு வாங்குங்கள். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று தோன்றலாம். நகை லாக்கரில் இருக்க, 42 சதவீத வட்டிக்குக் கடன் சுமப்பதில் என்ன கௌரவம் என்று எனக்குப் புரிவதில்லை. கூடுதலாக வாங்கும் 8,000 எதற்கு என்றால், நகைச் சீட்டில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருக்கிறது. பதினொன்றில் எட்டு கட்டியாயிற்று. இப்போது நிறுத்தினால் கடைக்காரர் தரும் சலுகை போய்விடும். அதை முடித்துவிட்டு, புதிய சீட்டில் சேராதீர்கள். அந்த மூன்று மாதப் பற்றாக்குறைக்கு இந்த 8,000.

மீதி இடைவெளியை எப்படி அடைப்பது? சீட்டு முடிந்தால் 5,000. வீட்டுக் கடனில் கொஞ்சம் இருக்கிறது. 2023-இல் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) இணைத்து வாங்கியிருக்கிறீர்கள். 2025-இல் ரிசர்வ் வங்கி அந்த விகிதத்தை 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. வங்கிகள் பெரும்பாலும் தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தைச் சுருக்கிவிடுகின்றன. வட்டி குறையும்போது காலத்துக்குப் பதிலாகத் தவணையைக் குறைக்கும்படி நீங்கள் கோரலாம். கிளைக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் பாக்கிக்கு மாதம் 1,400 ரூபாய் அளவில் தவணை குறையும். சாதாரணமாக நான் இப்படிச் சொல்வதில்லை, காலம் சுருங்குவதுதான் லாபம். ஆனால் நகைக் கடன் முடியும்வரை கையில் ஓடும் பணம் முக்கியம். முடிந்ததும் தவணையைப் பழையபடி உயர்த்திக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டி, அதே மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக்) வடிவம் போதுமா என்று கேளுங்கள். போதும் என்றால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளில் 1,000 ரூபாயாவது குறையும் என்று வைத்துக்கொள்கிறேன். தீபாவளியில் 7,000, விடுமுறைப் பயணத்தில் 7,000 குறையுங்கள். இரண்டு ஆண்டுக்கு மட்டும். மொய்யில் கை வைக்கச் சொல்ல மாட்டேன். வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும்.

இப்போது கூட்டுங்கள். மாதச் செலவு 52,600. ஆண்டுச் செலவுக் கணக்குக்கு 15,000. மிஞ்சுவது 2,400, அது நகைக் கடனுக்கு. போனஸ் முழுவதையும் அதிலேயே போட்டால் இரண்டு தீபாவளிக்குள் நகை வீடு திரும்பிவிடும்.

கடைப்பிடிப்பது பற்றிக் கேட்டீர்கள். மளிகையும் அரிசியும் மாத முதல் வாரத்தில் மொத்தமாக வாங்கிவிடுகிறீர்கள், அதை விடுங்கள். பால், காய்கறி, மீன், பெட்ரோல், இதர ஆகியவற்றுக்கு மாதம் 15,400. இதை மொத்தமாகக் கணக்கில் வைத்தால் 20ஆம் தேதி தீரும். திங்கட்கிழமைதோறும் 3,500 ரூபாயை உங்கள் மனைவியின் கணக்குக்கு மாற்றுங்கள்; இருவரும் அதிலிருந்தே செலவழியுங்கள். யுபிஐ சர்க்கிள் வசதியில் அவர் கணக்கிலிருந்து நீங்களும் ஒரு வரம்புக்குள் பணம் செலுத்த முடியும். கணக்கு அவருடையது, அனுமதி வாங்குபவர் நீங்கள். முன்பு நடந்ததற்கு இது நேர்மாறு என்பதால் வீட்டில் நல்ல விளைவு இருக்கும் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமையே பணம் தீர்ந்தால் மூன்று நாள் சாம்பார், ரசத்தோடு ஓட்டிவிடலாம். 20ஆம் தேதி தீர்ந்தால் பத்து நாள் கார்டுதான் கதி.

ஒரு சிக்கல் பாக்கி. ஆண்டுச் செலவுக் கணக்கில் பணம் சேர்வதற்குள் ஜூன் வந்துவிட்டால் 70,000 இருக்காது. முதல் ஆண்டு மட்டும் மூன்று பருவமாகப் பிரித்துக் கட்ட அனுமதிக்கும்படி பள்ளியில் கேளுங்கள். பல தனியார் பள்ளிகள் ஒப்புக்கொள்கின்றன, ஆனால் கேட்டால்தான். மே மாதமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

செயலி? எதுவும் வேண்டாம். பல செயலிகள் உங்கள் குறுஞ்செய்திகளை எல்லாம் படிக்க அனுமதி கேட்கின்றன. வங்கிச் செய்தியும் ஓடிபியும் அதற்குள்தான் வருகின்றன. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு ஒரு மாதம். அதில் மூன்றே வரி: ஆண்டுச் செலவுக் கணக்கில் இருப்பு, நகைக் கடன் பாக்கி, வாரப் பணம் தீர்ந்த கிழமை.