மூன்று மாதச் சர்க்கரை சொல்லட்டும்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. 11 வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மின் சாப்பிட்டு வந்தவர், யாரோ சொன்னார்கள் என்று ஒரு வைத்தியரிடம் சூரணம் வாங்கி, இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். "உடம்பு லேசா இருக்கு" என்கிறார். ராத்திரியில் பாத எரிச்சல் மட்டும் இருக்கிறதாம். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், சித்த மருத்துவமே ஏமாற்று என்று சண்டை போடுகிறான். "ஆயிரம் வருஷ அனுபவத்துக்கு வெள்ளைக்காரன்கிட்ட அத்தாட்சி வாங்கணுமா?" என்று அப்பா கேட்கிறார். இருவருக்கும் இப்போது பேச்சே இல்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: அன்புச் சகோதரி,

வாதத்தை அப்புறம் பார்க்கலாம். இந்த வாரமே அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கூடவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். ரிப்போர்ட்டோடு பழைய டாக்டரைப் பார்த்து, மாத்திரை நிறுத்தியதையும் பாத எரிச்சலையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த எரிச்சல் நரம்பு பாதிப்பாக இருக்கலாம்.

உடம்பு லேசாக இருப்பதாக அப்பா சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் சர்க்கரை வலிக்காத நோய். கண்ணையும் சிறுநீரகத்தையும் அது சத்தமில்லாமல் அரிக்கும். அப்புறம், அந்த வைத்தியர் பத்தியமும் சொல்லியிருப்பார் இல்லையா? இனிப்பு கூடாது, ராத்திரி சோறு கூடாது, விடியற்காலையில் நட என்று? அப்படி இருந்தால் சூரணமே இல்லாமலும் சர்க்கரை கொஞ்சம் இறங்கும். இறக்கியது பத்தியமா, சூரணமா? அப்பாவாலும் சொல்ல முடியாது, வைத்தியராலும் முடியாது, அண்ணனாலும் முடியாது. இருநூறு பேருக்கும் ஒரே பத்தியம் கொடுத்து, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மட்டும் சூரணம் கொடுத்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் பொடி கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாமல் வைத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆதாரம் என்று கேட்பது இதைத்தான்.

இது வெள்ளைக்காரன் நம் மேல் சுமத்திய சோதனை என்று அப்பா நினைத்தால், அவருக்கு நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் அவருக்குத் தெரியும். சானடோரியம் என்பது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் இடம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு: இவை இல்லாமல் காசநோய் தீராது என்று இங்கிலீஷ் வைத்தியம் பல காலம் உறுதியாக நம்பியது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்தது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, இடமும் நெரிசல், ஓய்வும் இல்லை. இருந்தும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். முடிவு 1959இல் வெளியானது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை உலகெங்கும் பரவ அது பெரிய காரணம். அன்றைக்குத் தோற்றது பெரிய டாக்டர்களின் அனுபவம். ஜெயித்தது நம் குடிசைவாசிகளின் உடம்பு சொன்ன கணக்கு. அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அப்பா நிறுத்திய மெட்பார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லைக்கு ஐரோப்பியப் பாட்டி வைத்தியத்தில் ஒரு செடியைக் கொடுத்து வந்தார்கள். சர்க்கரையைக் குறைக்கும் சரக்கு அதில் இருந்தது, விஷமும் இருந்தது. அதன் வழியில் வந்த பாதுகாப்பான உறவுக்கார மருந்துதான் மெட்பார்மின். 1957இல் பிரான்சில் நோயாளிகளுக்குத் தந்தார்கள். 1998இல் பிரிட்டனின் நீண்ட ஆய்வு, உடல் பருமனான சர்க்கரை நோயாளிகளிடம் அது மாரடைப்பையும் மரணத்தையும் குறைப்பதாகக் காட்டிய பிறகே அதன் மதிப்பு நிலைத்தது. எனவே "செடி, அதனால் ஏமாற்று" என்பது அறிவியல் பேச்சு அல்ல. கம்பெனி மருந்துகளும் தவறியிருக்கின்றன. மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பைச் சீராக்கக் கொடுத்த சில மாத்திரைகள் சாவை அதிகமாக்கின என்று 1989இல் ஒரு சோதனைதான் கண்டுபிடித்தது.

ஆகவே சித்தாவா அலோபதியா என்று கேட்காதீர்கள். இந்தச் சூரணம், இந்த நோய்க்கு, எத்தனை பேரிடம், எப்படிச் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். டப்பாவில் சரக்குகளின் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். பெயரில்லாத பொட்டலமாக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மூலிகை என்று விற்ற பொடிகளில் அலோபதி சர்க்கரை மாத்திரையை அரைத்துக் கலந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. சர்க்கரையை ஒழிப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அப்பாவுக்குச் சித்த மருத்துவத்தில் ஆசை இருந்தால் அதைத் தடுக்காதீர்கள். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. படித்த சித்த மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். என்ன தருகிறார் என்பதைச் சர்க்கரை டாக்டருக்கும் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பது அவரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

பரிசோதனைக்கு நீங்களே கூடப் போங்கள். முதல் ரத்தம் எடுத்ததும் சாப்பிட டப்பாவில் இட்லி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரத்தம் எடுக்கும் வரை இரண்டு மணி நேரம் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது அண்ணன் பேச்சையோ சூரணப் பேச்சையோ எடுக்க வேண்டாம். ராத்திரியில் கால் எப்படி எரிகிறது, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று கேளுங்கள்.