ஊருக்கு வாங்கிப் போவதும் ஊரிலேயே தின்பதும்

அன்புள்ள ஐயா,

மதுரைச் செல்லூரில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது கோவையில் வேலை. போன மே மாதம் ஆபீஸ் வேலையாக லிஸ்பன் போயிருந்தேன். பெலெம் பகுதியில் 1837-இலிருந்து நடக்கும் ஒரு பேக்கரி இருக்கிறது. வரிசையில் நின்று முட்டை டார்ட் வாங்கித் தின்றேன். அடுப்பிலிருந்து இறங்கிய சூடு ஆறவில்லை, மேலே பட்டைத்தூள். இருந்த மூன்று நாளும் அங்கே போனேன். திரும்பி வந்ததிலிருந்து ஒரு வருத்தம். நம் பக்கத்தில் இப்படித் தேடிப் போகிற மாதிரி ஒரு பழைய பேக்கரி உண்டா? இருப்பதெல்லாம் டீக்கடையோடு ஒட்டிய பேக்கரிகள்தானே? மார்கழியில் பையனைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் மதுரை வருகிறேன். அவனுக்கு எதைக் காட்டுவது?

அன்புடன்,
ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இதுவரை எத்தனை தடவை தின்றிருப்பீர்கள்? அதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துத் தின்றது எத்தனை தடவை? சாத்தூர் சேவு பஸ் ஜன்னலுக்கு வந்திருக்கும். கோவில்பட்டி கடலைமிட்டாய் மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வந்திருப்பார். ஊர்ப் பலகாரம் என்றால் நமக்கு அந்த ஊரிலிருந்து பொட்டலமாக வந்து சேர்வது. அதில் இருக்கிற பிரியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் லிஸ்பனில் நீங்கள் செய்தது வேறு. செய்கிற இடத்துக்கே போனீர்கள், இறங்குகிற நேரத்தில் வாங்கினீர்கள், நின்ற இடத்திலேயே தின்றீர்கள். அதை நம் பக்கத்தில் செய்து பாருங்கள், வருத்தம் போய்விடும்.

முதலில் தூத்துக்குடி. நீங்கள் தின்ற டார்ட் முட்டையின் மஞ்சள் கருவில் செய்தது. போர்ச்சுகல் மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவை இனிப்பாக்கினார்கள் என்று சொல்வது வழக்கம். 1834-இல் அங்கே மடங்களை மூடியதும் மடத்துப் பக்குவம் கடைக்கு வந்தது. நீங்கள் போன கடையின் கதையும் அதுதான். சரி, அந்த முட்டையின் மறுபாதி மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன் முழுக்க வெள்ளைக் கரு.

போர்ச்சுகீசியர்கள் தூத்துக்குடியைச் சேர்ந்த முத்துக்குளித்துறைக் கரையில் காலூன்றியது 1530-களில். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார்கள். சாவியையும் ஜன்னலையும் மேசையையும் தமிழில் விட்டுப்போன மாதிரி மக்ரூனையும் போர்ச்சுகீசியர்தான் விட்டுப்போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கொண்டு வந்தவர் யார் என்பதைவிட, இங்கே அதை மாற்றிய கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம். நம் ஆள் பாதாமை விட்டுவிட்டு முந்திரியைப் போட்டான். அந்த முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்த மரம்தான், ஆனால் அதற்குள் அது நம் செம்மண்ணில் வேரூன்றிவிட்டது.

சாமான் மூன்றே மூன்று: வெள்ளைக் கரு, சீனி, முந்திரி. மஞ்சள் கரு ஒரு சொட்டு கலந்தாலும் அதில் இருக்கிற கொழுப்பு நுரையை எழும்ப விடாது. அதனால் முட்டை உடைக்கிறவர் கை பழகிய கையாக இருக்க வேண்டும். நுரை கெட்டியாக நிற்கிற வரை அடித்து, சீனி சேர்த்து, முந்திரிப் பொடியைத் தூவி, நுரை அமுங்காமல் கலக்க வேண்டும். அப்புறம் தட்டில் சின்னச் சின்னக் கூம்பாகச் சுற்றி வைத்து, குறைந்த சூட்டில் மணிக்கணக்காக விடுவார்கள். சுடுவது என்பதைவிட உலர்த்துவது என்றால் சரியாக இருக்கும்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் அரைக்கிலோ வாங்கி, காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. காற்றிலிருக்கிற ஈரத்தை அந்தச் சீனி அப்படி இழுத்துக்கொள்ளும். அம்மா அதைக் கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டு, “முந்திரிப் பாகு நல்லாத்தான் இருக்கு” என்றார். அவருக்கு மக்ரூன் என்றால் கடைசி வரை அதுதான். அடுத்த தடவை நான் கடை வாசலிலேயே ஒன்றை வாயில் போட்டேன். மேல் ஓடு நொறுங்கி, உள்ளே லேசாக இழுத்து, பிறகு கரைந்து போனது. அம்மாவை அங்கே கூட்டிப் போகவில்லையே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மதுரைக்கு வருவோம். நான் பையனாக இருந்தபோது சிம்மக்கல் பக்கம் ஒரு பேக்கரியில் ரொட்டி வாங்குவோம். பின்பக்கம் செங்கல் அடுப்பு. விடியுமுன் அதற்குள்ளேயே விறகைப் போட்டு எரிப்பார்கள். கல் காய்ந்ததும் தணலை வாரிவிட்டு, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, நீளமான மரத்துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். முதல் சூடு ரொட்டிக்கு, அடுத்தது பன்னுக்கு. சூடு இறங்க இறங்க பிஸ்கட். கடைசியில், வெட்டிய ரொட்டித் துண்டுகள் மறுபடி உள்ளே போய் ராத்திரி முழுக்க ரஸ்க்காகக் காயும். ஒரு நாள் எரித்த விறகை வீணாக்காமல் கடைசிச் சூடு வரைக்கும் வேலை வாங்கும் கணக்கு அது. யாழ்ப்பாணத்தில் இந்த அடுப்பைப் போறணை என்பார்கள், அதுவும் போர்ச்சுகீசியச் சொல்தான். நம் ஊரில் அடுப்பு, அவ்வளவுதான். அந்த அடுப்பை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே செல்போன் கடை.

இருந்தாலும் டீக்கடையோடு ஒட்டிய பேக்கரியை அப்படித் தள்ளிவிடாதீர்கள். போர்டைப் பார்க்காமல், சரக்கு அங்கேயே போடுகிறார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், “தட்டு எப்ப இறங்கும்ணே?” என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். தேங்காய்ப் பன்னைச் சூட்டோடு முக்கோணமாக வெட்டித் தரும்போது தேங்காயும் சீனியும் டூட்டி ஃப்ரூட்டியும் வாசம் விடும். காலையில் போட்டதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து சாயங்காலம் எடுத்துத் தின்றுவிட்டு, நம் ஊர்ப் பன்னை மட்டமாகச் சொல்வது நியாயமில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மட்டும் உள்ளே பார்க்கக் கேட்காதீர்கள், கேக் வேலையில் அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

இன்னொன்று. லிஸ்பன் பேக்கரிக்கு நம்மிடம் இணை எது என்று கேட்டால், நான் மிட்டாய்க்கடையைத்தான் சொல்வேன். நாம் சோறு தின்கிற ஜனம். நம் கைப்பக்குவம் வாணலியில்தான் வளர்ந்தது. மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸில் இலைத்துண்டில் சூடாக வைத்துத் தரும் அல்வாவை நின்றுகொண்டு தின்றால், பெலெமில் பெற்றது இங்கேயும் கிடைக்கும்.

நான்கு நாளில் ஒரு நாளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வையுங்கள். மார்கழியில் ஆண்டாள் ஊரில் அதிகாலைக் கூட்டம் இருக்கும், தரிசனம் முடித்துவிட்டுப் பால்கோவா கிண்டுகிற இடத்தைக் கேட்டுப் போங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், ஆனால் உள்ளே இருப்பது பாலும் சீனியும் கை ஓயாமல் கிளறுகிற ஆளும்தான். கிளறல் நின்றால் அடிப்பிடித்துவிடும். இளஞ்சூட்டில் ஒரு கரண்டி வாங்கித் தின்னுங்கள், டப்பாவில் வருவது அதற்குத் தம்பி முறை.

மற்றொரு நாள் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. திரும்பும்போது கோவில்பட்டி, சாத்தூர் வழி. கோவில்பட்டியில் கடலைமிட்டாயும், சாத்தூரில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அரித்தெடுத்த சேவும் வாங்குங்கள். வழியில் கருப்பட்டி மிட்டாய் பிழிகிற கடை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் வளையமாகப் பிழிந்து, கருப்பட்டிப் பாகில் முக்குவதைப் பையன் பார்க்கட்டும்.

தூத்துக்குடிக்கு இறுக்கமாக மூடுகிற ஓர் எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள், மார்கழியிலும் அங்கே மழை வருவதுண்டு. பையனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று நீங்கள் எழுதவில்லை. ஒத்துக்கொள்ளாது என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தூத்துக்குடி நாளை முழுக்கச் சாத்தூருக்கு மாற்றித் தருகிறேன்.