எக்ஸ்கிளிப்பில் ₹ அனுப்பினாலும் பழைய எழுத்தே ஒட்டுகிறதா?

லினக்ஸில் எழுத்தைக் காப்பி செய்யும் எக்ஸ்கிளிப் கட்டளைக்கு ₹-ஐ அனுப்பியும், கண்ட்ரோல்-வி போட்டால் பழைய எழுத்தே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கட்டளையில் ‘செலக்‌ஷன் கிளிப்போர்டு’ என்ற ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். எக்கோவில் (எழுத்தை வெளியிடும் கட்டளை) ₹ போட்டு, அதன் வெளியீட்டை எக்ஸ்கிளிப்புக்குப் பைப் செய்தது சரிதான். ஆனால் ஒன்றும் சொல்லாவிட்டால் எக்ஸ்கிளிப் அதைப் ‘பிரைமரி’யில்தான் (மவுஸால் செலக்ட் செய்தது போய்ச் சேரும் இடம்) வைக்கும். கண்ட்ரோல்-வி எடுப்பதோ கிளிப்போர்டிலிருந்து. ரெண்டும் வேறு வேறு பெட்டி.

சந்தேகமிருந்தால், பழைய கட்டளையையே ஓட்டிவிட்டு எடிட்டரில் மவுஸின் நடுப்பட்டனை அமுக்கிப் பாருங்கள். ₹ வந்து விழுந்தால் காரணம் இதுதான். நடுவில் வேறு எதையும் மவுஸால் செலக்ட் செய்துவிடாதீர்கள், பிரைமரி உடனே மாறிவிடும்.

இன்னொன்று: எக்கோ கடைசியில் ஒரு புதுவரியையும் ஒட்டி அனுப்பும். டெர்மினலில் ஒட்டும்போது கேட்காமலே என்டர் தட்டினமாதிரி ஆகிவிடலாம், பெரிய தொல்லை. எக்கோவுக்குப் பதில், தானாகப் புதுவரி சேர்க்காத பிரின்ட்எஃப் கட்டளையைப் போடுங்கள்.

இதெல்லாம் லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-க்கு. நீங்கள் டிஸ்ட்ரோவை (எந்த லினக்ஸ் வகை என்று) சொல்லவில்லை; இப்போதைய உபுண்டு, ஃபெடோராவில் அதற்குப் பதிலாக வந்த வேலண்டுதான் வழக்கம். அங்கே டபிள்யூஎல்-கிளிப்போர்டு பேக்கேஜை நிறுவி, அதிலுள்ள டபிள்யூஎல்-காப்பிக்குப் பைப் செய்யுங்கள். அது நேராகக் கிளிப்போர்டுக்கே போகும், ஆப்ஷன் எதுவும் வேண்டாம்.

அடிக்கடி வேண்டிய குறிகளுக்கு பேஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு) ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏலியஸ், அதாவது கட்டளைக்கு ஒரு சுருக்கப்பெயர், எழுதிவைத்தால் போதும். இதற்கென்று தனி டூல் தேவையில்லை என்பது என் கட்சி.