ஃபேன்டஸி ஃபுட்பால் ட்ராஃப்ட்: கடைசி ரவுண்டில் யாரை எடுப்பது? கேள்வி பதில்

என்எஃப்எல் என்னும் அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களை ரவுண்டு ரவுண்டாக மாறி மாறி எடுத்து (அதுதான் ட்ராஃப்ட்) ஆளுக்கொரு அணி அமைப்பதும், அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கேற்ப பாயின்ட் வாங்குவதும்தான் ஃபேன்டஸி ஃபுட்பால். முதல் ஐந்து ரவுண்டுக்கு ஆலோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு வருவதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பதில்கள் எல்லாம் 12 அணி, 15 ரவுண்டு, பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பாயின்ட் தரும் லீக்கை மனதில் வைத்து.

ட்ரீம்11 ஆடிய பழக்கம் உண்டு, என்எஃப்எல் புதுசு. கடைசியில் எடுப்பவர்கள் பெஞ்சில்தானே உட்காரப் போகிறார்கள்? எதற்கு இவ்வளவு யோசனை அண்ணா?

ட்ரீம்11-ல் ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற 11 பேருக்கும் அவர் கிடையாது. 15 ரவுண்டு முடியும்போது 180 பேர் போயிருப்பார்கள். கடைசியில் நீங்கள் எடுக்கும் பெஞ்ச் ஆட்களில் பாதிப் பேரை செப்டம்பர் முடிவதற்குள் நீங்களே வெட்டிவிடுவீர்கள். அதில் தப்பில்லை. ஒருவர் தேறினால் சீசனே மாறிவிடும். அந்த ஒருவருக்காகத்தான் இந்த யோசனை.

13-வது ரவுண்டில், வாரம் ஏழெட்டு பாயின்ட் நிச்சயமாகத் தரும் மூத்த ரிசீவரா (எறியும் பந்தைப் பிடிப்பவர்), இன்னும் எதுவும் காட்டாத இளைஞனா?

இளைஞன்தான். ஆனால் எந்த இளைஞனும் அல்ல. இவன் மைதானத்தில் நிரந்தர இடம் பிடிக்க என்ன நடக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் விடுங்கள்.

2023-ல் புகா நகுவாவை எடுத்துக்கொள்வோம். நிஜ என்எஃப்எல் அணிகள் ஆள் எடுத்த ட்ராஃப்டில் ஐந்தாம் ரவுண்டு, 177-வது ஆள். ராம்ஸ் அணியில் கூப்பர் கப்பை விட்டால் பெரிய ரிசீவர் இல்லை. கப்புக்குத் தொடைத்தசையில் காயம். அந்த ஒரு வாக்கியம் போதும். முதல் வாரம் 10 பந்து, இரண்டாம் வாரம் 15. சீசன் முடிவில் 105 பந்து, 1,486 யார்டு. புதுமுகங்களில் அன்று அது சாதனை. பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் அவரை யாரும் ட்ராஃப்டே செய்யவில்லை, வேய்வரில், அதாவது யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில், கிடந்தார். அவரை அள்ளியது யார்? பெஞ்சில் யாரையாவது தயங்காமல் வெட்ட முடிந்தவர்கள். உங்கள் ஏழெட்டு பாயின்ட் மூத்தவரிடம் உள்ள சிக்கலே அதுதான். அவரை ஆடவைக்கவும் மனசு வராது, வெட்டவும் மனசு வராது.

நல்ல கிக்கர்கள் (பந்தை உதைத்துப் பாயின்ட் எடுப்பவர்கள்) போய்விடுகிறார்கள். 11-வது ரவுண்டில் எடுக்கலாமா?

வேண்டாம். கிக்கர் என்றால் கடைசி ரவுண்டு.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் கடைசிவரை தள்ளிப்போட்டால் ஆபத்தில்லையா?

12 அணிக்கும் ஆளுக்கு ஒருவர்தான் தேவை என்பதால் ஆபத்து குறைவு. 2024-ல் பேக்கர் மேஃபீல்ட் 4,500 யார்டு, 41 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்தார். அவரை முந்தியடித்து யாரும் எடுக்கவில்லை. தள்ளிப்போடுவதென்றால் ஓடக்கூடியவராகப் பாருங்கள். எறிந்தால் 25 யார்டுக்கு ஒரு பாயின்ட், ஓடினால் 10 யார்டுக்கே ஒன்று. டச்டவுனும் எறிந்தால் பொதுவாக 4, ஓடிப் போட்டால் 6. 2019-ல் லமார் ஜாக்சன் ட்ராஃப்டின் பிற்பாதியில் கிடைத்தவர். அவர் ஓடிய 1,206 யார்டே 120 பாயின்ட்.

முதல் ரவுண்டில் எடுத்த ரன்னிங் பேக்குக்கு (பந்தோடு ஓடுபவர்) அதே அணியின் மாற்று ஆளை, அதாவது ஹேண்ட்கஃபை, எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்தானே?

இல்லை. அடுத்தவருடைய ஹேண்ட்கஃபை எடுங்கள். உங்கள் ஆள் அடிபட்டு மாற்று ஆள் வந்தால், இழந்ததில் கொஞ்சம் திரும்பி வருகிறது, அவ்வளவே. அடுத்தவருடைய ஆள் அடிபட்டால் உங்கள் அணி நேற்றைவிடப் பலமாகிறது, அவருடையது இளைக்கிறது.

இது அநியாயம் அண்ணா. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் பக்கத்து வீட்டுக்கா எடுப்பார்கள்?

வீடு எரிந்தால் தெருவில் நிற்க வேண்டும், அதனால் இன்ஷூரன்ஸ். லீக்கில் எட்டாவதாக வந்தாலும் பன்னிரண்டாவதாக வந்தாலும் ஒன்றுதான். நமக்கு வேண்டியது முதலிடம், பிழைத்துக் கிடப்பது அல்ல.

அதைவிடப் பெரிய பிரச்சினை, மாற்று ஆள் யாரென்றே உறுதியாகத் தெரியாதது. 2024-ல் சான் பிரான்சிஸ்கோவின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை எடுத்தவர்களில் பலர் பத்திரத்துக்கு எலைஜா மிட்செலை எடுத்தார்கள். சீசன் தொடங்கும் முன்பே அவர் காயப் பட்டியலுக்குப் போய்விட்டார். மெக்காஃப்ரி ஆடாத முதல் ஆட்டத்தில் ஜெட்ஸுக்கு எதிராக 147 யார்டு ஓடியவர் ஜார்டன் மேசன்.

நான் மெக்காஃப்ரியையும் மேசனையும் சேர்த்து வைத்திருந்தேனே! அக்டோபர் வரை ஜெயித்தேனே!

வாழ்த்துகள். மேசனை வேறொருவர் வைத்திருந்தால் அவர் மெக்காஃப்ரிக்கு முதல் ரவுண்டையும் செலவழிக்காமல் ஜெயித்திருப்பார்.

அப்படியானால் சொந்த ஹேண்ட்கஃப் எப்போதுமே தப்பா? எங்கள் லீக்கில் இதைச் சொல்லி இரண்டு பேர் பேச்சுவார்த்தையே நிறுத்திவிட்டார்கள்.

எப்போதும் இல்லை. ட்ராஃப்டில் தப்பு, நவம்பர் கடைசியில் சரி. பிளேஆஃப் உறுதியான பிறகு உங்களுக்கு வேண்டியது புதையல் அல்ல, இருக்கும் அணி 15, 16, 17-வது வாரங்களில் கலையாமல் இருப்பது. அப்போது பெஞ்சில் காத்துக்கிடக்கும் நான்காவது ரிசீவரை வெட்டிவிட்டுச் சொந்த மாற்று ஆளை எடுங்கள். அந்த இருவரையும் பேசச் சொல்லுங்கள், இரண்டு பேர் சொல்வதும் வெவ்வேறு மாதத்தில் சரி.

டிஃபென்ஸ் (ஒரு நிஜ அணியின் தடுப்பாட்டம் முழுவதும் ஒரே தேர்வாக)?

முதல் வாரம் எதிரணி யார் என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

கிக்கர் என்றால் கடைசி ரவுண்டு என்கிறீர்கள். பிராண்டன் ஆப்ரியுமா?

மறுபடியும் கிக்கர். சரி, ஆப்ரியையே பார்ப்போம். கால்பந்து ஆடியவர். 2017-ல் டொரான்டோ எஃப்சி எடுத்தது. அப்புறம் சாஃப்ட்வேர் வேலை. 2023-ல் டல்லாஸுக்கு வந்து முதல் 35 ஃபீல்டு கோல் முயற்சிகளையும் தவறவிடவில்லை. 50 யார்டுக்கு மேல் 10-க்கு 10. அந்த ஆகஸ்டில் அவரை யார் ட்ராஃப்ட் செய்தார்கள்? சும்மா கிடந்தார். நல்ல கிக்கர் யாரென்று ஆகஸ்டில் தெரியாது, தெரியும்போது இலவசமாகக் கிடைப்பார். நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

ஆர்செனல் டிஃபெண்டர்களில் யாரை எடுக்கலாம்?

அது வேறு ஃபுட்பால் தம்பி. ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஆடுகிறவர்களைக் கேளுங்கள்.

புதுமுக டைட் எண்டை (எதிரணியைத் தடுக்கவும் செய்வார், பந்தும் பிடிப்பார்) எடுக்கவே கூடாது என்பார்களே?

சாம் லபோர்ட்டாவுக்கு முன்பு நானும் தலையாட்டியிருப்பேன். 2023-ல் புதுமுகமாக 86 பந்து, 10 டச்டவுன். கடைசி ரவுண்டுகளில் இப்போது தாராளமாக எடுக்கலாம்.

என் பெஞ்சில் மூன்று பேருக்கு ஒரே பை வீக் (அணிக்கு ஆட்டமில்லாத வாரம்). மாற்றட்டுமா?

அந்த வாரம் வரும்போது மூவரில் ஒருவராவது உங்களிடம் இருப்பாரா, அதை முதலில் பாருங்கள்.

அண்ணா, கிக்கரை எந்த ரவுண்டில்...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

முதல் வாரம் முடிந்ததும் பெஞ்சில் யாரை வெட்டுவது, யாரை வைப்பது?

பாயின்ட்டைப் பார்க்காதீர்கள், எத்தனை ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) மைதானத்தில் நின்றார் என்று பாருங்கள். 2023 முதல் வாரம், ராம்ஸ்–சியாட்டில். கேம் ஏகர்ஸ் 22 முறை ஓடி வெறும் 29 யார்டு. கைரன் வில்லியம்ஸ் 15 முறை, 52 யார்டு, இரண்டு டச்டவுன். 'இரண்டு டச்டவுன் அதிர்ஷ்டம், ஓட்டம் ஏகர்ஸுக்குத்தானே அதிகம்' என்று பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் அதிக ஸ்னாப்புக்கு மைதானத்தில் நின்றது கைரன். அடுத்த வாரம் ஏகர்ஸ் அணியிலேயே இல்லை, சில நாளில் மின்னசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். கைரன் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு ஓடினார். திங்கள் ஆட்டம் முடிந்ததும் அந்த எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான லீக்குகளில் வேய்வரில் கேட்டவர்களுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது செவ்வாய் இரவோ புதன் விடியலோ முடிந்துவிடும், அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.