டிம்பனி ஏன் காதில் அறைகிறது?

கேள்வி: மொசார்ட்டின் கடைசி சிம்பொனிகளை சார்லஸ் மெக்கராஸ் நடத்த, ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா வாசித்த பதிவில் கேட்டேன். பழைய இசைத்தட்டில் கேட்ட பிரம்மாண்டம் இதில் இல்லையே? வயலின்கள் மெலிந்து ஒலிக்கின்றன, டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசோ காதில் அறைகிறது. ஆள் பற்றாக்குறையா?

பதில்: பற்றாக்குறை எல்லாம் இல்லை. அந்தப் பழைய தட்டில்தான் ஆள் அதிகம்! நீங்கள் கேட்டது 2007-இல் கிளாஸ்கோவில் பதிவானது. அப்போது மெக்கராஸுக்கு 81 வயது, இசையின் துடிப்பைக் கேட்டால் நம்பவே மாட்டீர்கள்.

அதில் உள்ள 39, 40, 41-ஆம் சிம்பொனிகள் மூன்றையும் மொசார்ட் 1788 கோடையில் வியன்னாவில் எழுதினார். ஜூன் 26-இல் முதலாவது முடிந்தது, ஆகஸ்ட் 10-இல் மூன்றாவது. மூன்றிலும் புல்லாங்குழல் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுற்றி முப்பது வயலின்களை உட்கார வைத்தால் பாவம், அது வாசிப்பது யாருக்குக் கேட்கும்? ஆளைக் குறைத்ததும் வயலின் மெலிந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது, எனக்கோ திரை விலகி ஓபோ, பஸ்ஸூன் என்ற மர ஊதுகருவிகள் முன்னே வந்ததாகத் தோன்றுகிறது. டிம்பனி அறைவதற்குக் காரணம் பழைய பாணிச் சிறிய முரசும் கெட்டியான குச்சியும்தான். மெத்தென்ற குச்சியால் தட்டினால் அது வெறும் உறுமலாகிவிடும்.

ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்து ஹார்னில் ஸ்வரம் மாற்ற உதவும் வால்வு கிடையாது, இயல்பாக எழும் சில ஸ்வரங்கள்தான் சுலபமாக வரும். அதனால் 40-இன் முதல் பகுதியில் மொசார்ட் ஒரு தந்திரம் செய்தார்: இரண்டு ஹார்ன்களுக்கும் இரண்டு வேறு சுருதி, ஒன்றில் இல்லாத ஸ்வரம் மற்றதில் கிடைக்கும். மெக்கராஸ் டிம்பனி தவிர மற்ற வாத்தியங்களை நவீனமாகவே விட்டுவிட்டு ஹார்னிலும் டிரம்பெட்டிலும் மட்டும் வால்வு இல்லாத பழையதைக் கொண்டுவந்தார். அந்தச் சொரசொரப்பு முதல் தடவை உறுத்தத்தான் செய்யும், அப்புறம் அது இல்லாத பதிவு சப்பென்று இருக்கும்.

சரி, குறையே இல்லையா என்றால், உண்டு. 41-இன் மெதுவான பகுதி எனக்கும் கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது, அங்கே மட்டும் உங்கள் பழைய தட்டின் பக்கம் நிற்கிறேன்.

கேள்வி: அதே பதிவில் வாசித்த பகுதியையே மறுபடி வாசிக்கிறார்கள். ஏதாவது தவறா?

பதில்: இல்லை, மொசார்ட்டே அப்படித்தான் குறித்திருக்கிறார். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் அடங்கும் என்பதால் பலர் அந்தக் குறிகளைத் தாண்டிப் போனார்கள், நமக்கும் அதுவே பழகிவிட்டது. இங்கே அவை ஒழுங்காக வருகின்றன. 41-இன் கடைசிப் பகுதி இரண்டாம் சுற்றும் முடிந்த பிறகுதான், கோடா என்ற முடிவுப் பகுதியில், ஐந்து மெட்டுகளும் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் தந்தி வாத்தியமான டபுள் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அதுவும் தன் முறைக்கு மெட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்.