பாலி நடனமும் பயணிகளும்: ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு பாலிக்குப் போயிருந்தோம். உலுவத்துவில் கெச்சாக் பார்த்தோம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக்' என்று குரலெழுப்ப, நடுவில் ராமாயணம். உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அனுமன் வேடக்காரர் செல்ஃபிக்கு நிற்கிறார். மறுநாள் ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே கால் மணி நேர லெகோங் நடனம். யுனெஸ்கோ அங்கீகரித்த கலை என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். எனக்கோ மனசு கனத்துவிட்டது. பயணிகளுக்கு ஆடிக் காட்டுவதை நிறுத்தினால்தான் இந்தக் கலை பிழைக்கும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ், திருச்சி

அன்புள்ள எஸ்,

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் கெச்சாக்கை நினைத்து வருந்த வேண்டியதில்லை. நீங்கள் பார்த்த வடிவம் 1930களில்தான் உருவானது. பெடுலு ஊர் நடனக் கலைஞர் வாயன் லிம்பாக்கும், பாலியில் குடியிருந்த ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸும் சேர்ந்து, சங்யாங் சடங்கில் ஆண்கள் எழுப்பும் குரலைத் தனியே எடுத்து ராமாயணக் கதையோடு இணைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் பார்க்கட்டும் என்றே செய்தது அது. மூலச் சடங்கான சங்யாங் வேறு. நோய்நொடி ஊரை விட்டு விலக வேண்டி, சிறுமிகளுக்குப் புகை காட்டிப் பாட்டுப் பாடி அருள் வரவைப்பார்கள். உபுத் பக்கம் கெச்சாக்கின் கடைசியில் அதையும் ஒரு துண்டாக ஆடிக் காட்டுகிறார்கள். அதில் எனக்கும் உடன்பாடில்லை.

எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று பாலிக்காரர்களே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 1971ல் பாலியின் தலைநகரான டென்பசாரில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது. கோயிலின் உள் முற்றத்தில் தெய்வத்துக்கு ஆடுவது வாலி. சடங்கோடு சேர்ந்தும் ஜனங்கள் பார்த்து ரசிக்கவும் ஆடுவது பெபாலி. வெறும் பொழுதுபோக்குக்கு ஆடுவது பாலி-பாலிஹான். யுனெஸ்கோ 2015ல் பட்டியலில் சேர்த்த ஒன்பது நடனங்களும் இந்த மூன்று பிரிவாகத்தான் இருக்கின்றன. ரெஜாங் முதல் வகை, கம்பூ என்ற பழைய நாட்டிய நாடகம் இரண்டாவது, உங்கள் லெகோங் மூன்றாவது.

அந்தக் கோடு அழிந்து அழிந்து எழுதப்படுவதும் உண்டு. கோயிலில் பூவோடு ஆடும் பெண்டெட்டை ஹோட்டலில் வரவேற்புக்கு ஆடக் கூடாது என்று பேச்சு வந்தபோது, அதற்கு மாற்றாக வாயன் பெராதா என்ற கலைஞர் பன்யெம்ப்ரமா என்ற நடனத்தை அமைத்தார். கொஞ்ச காலத்தில் ஜனங்கள் அந்தப் புதிய நடனத்தையும் கோயிலுக்குள் கொண்டுபோய் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்! எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. உயிரோடு இருக்கும் மரபு இப்படித்தான் நடந்துகொள்ளும்.

பாலியில் பெரும்பாலான கோயில்களுக்கு 210 நாளைக்கு ஒருமுறை ஓடாலான் திருவிழா வந்துவிடும். தோப்பெங் சிதகார்யா என்ற முகமூடி வந்து மஞ்சள் அரிசி தூவாமல் பெரிய சடங்குகள் பல நிறைவடையாது. ஆட ஆள் வேண்டும், கொட்ட ஆள் வேண்டும். கூலி வாங்காமல் செய்யும் இந்தத் தொண்டுக்கு ஙாயா என்று பெயர். ஹோட்டலில் காசுக்கு ஆடும் பெண்ணே தன் ஊர்க் கோயிலில் ஙாயாவாக ஆடுவாள். அதனால் பயணிகள் வராமல் போனாலும் நடனம் நிற்காது.

என் கவலையெல்லாம் வேறு இடத்தில்தான். எல்லா ஊரும் ஒரே மாதிரி ஆட ஆரம்பித்திருக்கிறது. முன்பு பெலியாத்தான் லெகோங் ஒரு விதம், சாபா லெகோங் இன்னொரு விதம். ஆசிரியர் பின்னால் நின்று சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்துத் தானே அசைத்து அசைத்துக் கற்றுக்கொடுப்பார். அவருடைய உடம்பு குழந்தையின் உடம்புக்குள் இறங்கும். 1960ல் கலைப் பள்ளியும் 1967ல் நடனக் கல்லூரியும் டென்பசாரில் வந்தன. ஏராளமான நல்ல கலைஞர்கள் அங்கிருந்து வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே படித்தவர்கள் ஊர் திரும்பி அந்த ஒரே பாணியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்சத்தைக் கேசட் முடித்துவைத்தது.

கேசட் என்ன கெடுதல் செய்யும் என்று கேட்பீர்கள். பாரிஸ் என்ற போர்வீரன் நடனத்தைப் பாருங்கள். ஆடுபவர் நினைத்த இடத்தில் உடம்பால் ஒரு சைகை காட்டுவார். மத்தளக்காரர் அதைப் பிடித்து அடிக்க, கமெலான் என்ற வாத்தியக் குழு மொத்தமும் பட்டென்று வெடித்து நிற்கும். இதற்கு அங்செல் என்று பெயர். ஆட்டக்காரர்தான் எஜமான். பதிவு செய்த இசையில் அங்செல் எங்கே வரும் என்பது முன்பே முடிவாகியிருக்கும், அவர் அதற்குள் ஓட வேண்டியதுதான். ஹோட்டல் லெகோங்கில் நேரம் குறைந்ததைவிட, அங்கே இசைக்குழு இருந்ததா ஸ்பீக்கர் இருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

மீட்கும் வேலையும் நடக்கிறது. 1928ல் ஓடியான், பெக்கா என்ற ஜெர்மன் கம்பெனிகள் பாலி இசையை ஒலித்தட்டுகளாகப் பதிவு செய்தன. சிதறிக் கிடந்த அவற்றை எட்வர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஆய்வாளர் திரட்டி, 1930களில் எடுத்த மௌனப் படங்களோடு பாலிக்கே திரும்பக் கொண்டுவந்தார். ஊர்ப் பெரியவர்கள் அதைப் பார்த்துப் பழைய ஆட்டக்காரர்களை அடையாளம் சொன்னார்கள். கைவிட்டுப்போன பாணியைத் திரும்பப் பிடிக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அடுத்த முறை போவதானால் ஜூன் கடைசியில் போங்கள். 1979லிருந்து நடக்கும் பாலி கலைவிழா டென்பசாரில் ஒரு மாதம் இருக்கும். ஊர் ஊராகக் குழுக்கள் வந்து உள்ளூர் ஜனங்களுக்கு முன்னால் ஆடும். அப்புறம் பாத்துவான் ஊரில் கம்பூ எப்போது என்று விசாரியுங்கள். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளப் புல்லாங்குழலைத் தரையில் ஊன்றி வாசிப்பார்கள். வேகமே இருக்காது, பொறுமையாக உட்காருங்கள். ஏதாவது கோயிலில் ஓடாலான் என்று தெரிந்தால் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.