நாவல்களில் வரும் ஃபேரிகள் ஏன் இவ்வளவு கொடூரமானவை?

சிறகு முளைத்த குட்டி தேவதை என்பதெல்லாம் பின்னால் வந்த படம். அயர்லாந்துக் கிராமத்தார் பயந்த ஃபேரி வேறு. அது ஆளைத் தூக்கிப்போய், அதே முகத்தில் இன்னொன்றை விட்டுச்செல்லும் என்று நம்பினார்கள். ஃபேரிக்கு இரும்பு ஆகாது என்று நம்பியதால்தான் தொட்டிலருகே இரும்பு இடுக்கியை வைத்தார்கள். பெயரைச் சொல்லவும் அஞ்சி, 'நல்லவர்கள்' என்றார்கள். இளையோர் நாவல்களின் இருட்டு இந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது.

நினைத்தாலே மனம் பதறும் ஒரு நிகழ்வு உண்டு. 1895இல் அயர்லாந்தின் டிப்பரரியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம்பெண் காய்ச்சலில் படுத்தாள். 'இவள் என் மனைவியே இல்லை' என்று முடிவுகட்டினான் கணவன் மைக்கேல். மூலிகைக் கசாயத்தை வாயில் திணித்தான்; கடைசியில் தீயே வைத்துவிட்டான். அவள் இறந்தாள். அப்புறம், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து மீட்கலாம் என்று கறுப்புப் பிடிபோட்ட கத்தியோடு, ஃபேரிகள் வாழ்வதாக நம்பப்பட்ட பழைய மண்கோட்டை மேட்டில் இரவுகளில் காத்திருந்தான்.